நூல் பாதியில் நின்றால்: கையிருப்பை வைத்துப் பின்னல் திட்டத்தை மாற்றும் முழு வழிகாட்டி

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் இருந்துகொண்டு வெளியூரிலிருந்து நூல் வரவழைப்பவர்களுக்கு இது பழகிய கதைதான். புயல் எச்சரிக்கை, மழை, பார்சல் மதுரையிலேயே தங்கிவிட்டது என்று ஒரு செய்தி. 2022 டிசம்பர் முதல் 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறக்கும் வரை ராமேசுவரம் தீவுக்குள் ரயிலே வரவில்லை. அந்த நாட்களில் தீவில் இருந்தவர்களுக்கு இன்னும் சிரமம்.

எனக்குச் சென்ற கார்த்திகையில் நடந்தது இது. நாத்தனார் மகளுக்குக் குன்னூரில் பேறுகாலம். குழந்தைக்கு ஒரு போர்வை பின்னித் தருவதாகச் சொல்லியிருந்தேன். 400 கிராம் அக்ரிலிக் நூல் கேட்டுப் பணமும் கட்டியாயிற்று. பார்சலைப் பிரித்தால் 250 கிராம்தான் இருந்தது. மீதி எப்போது வரும் என்று கேட்டதற்கு, அந்த நிறமே இனி வராது என்று பதில்.

அன்றைக்குக் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கொடுக்கவில்லை. மாமா திண்ணையில் உட்கார்ந்து கிழிந்த வலையைக் கட்டிக்கொண்டிருந்தார். நான் நூலைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, “நூல் பத்தலேன்னா கண்ணைப் பெருசாக்கு தாயி” என்றார். கண் என்றால் வலையின் ஓட்டை. வலைக்காரர்கள் வழிவழியாகச் செய்யும் கணக்கு அது. பின்னலுக்கும் அந்தக் கணக்கு பொருந்தும். ஆனால் குழந்தைப் போர்வையில் கண் பெரிதானால் பிஞ்சு விரல் மாட்டிக்கொள்ளும். எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்று அன்று யோசிக்கத் தொடங்கியதுதான் இந்த வழிகாட்டியில் இருக்கிறது.

முதல் படி: ஊசியைக் கீழே வைத்துவிட்டு எடை போடுங்கள்

நூல் பற்றாது என்று தெரிந்ததும் கை அடுத்த கடையைத் தேடிப் போனைத்தான் எடுக்கும். கொஞ்சம் பொறுங்கள். முதலில் வீட்டில் இருப்பதை எல்லாம் ஓரிடத்தில் கொட்டி, ஒவ்வொரு உருண்டையையும் தனித்தனியாக எடை போடுங்கள். ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு போதும். நூலின் வகை, கனம், எடை, நிறம், லேபிளில் உள்ள சாய லாட் எண் (ஒரே தடவையில் சாயம் போட்ட நூலுக்கான எண்) எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள்.

நம் கடற்கரைக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. பஞ்சு நூல் சாதாரண நாளிலேயே காற்றிலிருந்து சுமார் 8 சதவீதம் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். கம்பளி ஏறக்குறைய அதைப்போல இருமடங்கு. அக்ரிலிக்கில் ஒன்றிரண்டு சதவீதம்தான். உப்புக்காற்றோடு மழையும் சேர்ந்த நாளில் பஞ்சு நூல் இன்னும் கனமாகவே காட்டும். எனவே பஞ்சையும் கம்பளியையும் வெயில் அடித்த நாளில், நன்றாகக் காய்ந்த பிறகு எடை போடுங்கள். மாதிரித் துண்டையும் அதே நாளில் எடை போட்டுவிடுங்கள்.

லேபிள் இல்லாத நூல் எதனால் ஆனது என்று தெரியாவிட்டால் ஐந்து சென்டிமீட்டர் வெட்டி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரிந்த வாசனையும் மெல்லிய சாம்பலும் வந்தால் பஞ்சு. முடி கருகிய நாற்றம் என்றால் கம்பளி. உருகிச் சுருண்டு கெட்டியான மணி போல ஆனால் அக்ரிலிக் அல்லது நைலான். பஞ்சும் அக்ரிலிக்கும் கலந்த நூல் இரண்டு குணத்தையும் காட்டும். அதைக் கலவை என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: எது மாறக் கூடாது?

யாருக்கு, எதற்கு, எந்தத் தேதிக்குள். இந்த மூன்றில் எதை விட்டுக்கொடுக்க முடியாது என்று முதலில் தீர்மானியுங்கள். நிறமும் டிசைனும் அதற்குப் பிறகுதான். நம்மில் பலர் தலைகீழாகச் செய்கிறோம். அந்த ரோஜா நிறம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்து, குழந்தை பிறந்து மூன்று மாதம் கழித்துப் போர்வையை அனுப்புகிறோம்.

எனக்கு மாறக் கூடாதவை இவை: குழந்தை பிறக்கும் முன் போய்ச் சேர வேண்டும், குளிர் தாங்க வேண்டும், விரல் மாட்டும் ஓட்டை இருக்கக் கூடாது. அளவு, நிறம், பின்னல் வகை மூன்றையும் மாற்றிக்கொள்ளலாம். இதை எழுதி முடித்ததுமே பாதிக் குழப்பம் போய்விட்டது.

மூன்றாம் படி: மாதிரித் துண்டை வைத்துக் கணக்குப் போடுங்கள்

இதைத் தாண்டிக் குதிக்காதீர்கள். மொத்த வழிகாட்டியிலும் எனக்கு முக்கியமான படி இதுதான்.

பின்ன நினைத்திருக்கும் அதே ஊசியில், அதே பின்னல் வகையில் 15-க்கு 15 சென்டிமீட்டர் துண்டு ஒன்று பின்னுங்கள். துவைத்துக் காயவைத்து மறுபடி அளந்து எடை போடுங்கள். என் துண்டு 9 கிராம் இருந்தது. 15-ஐ 15-ஆல் பெருக்கினால் 225 சதுர சென்டிமீட்டர். 9-ஐ 225-ஆல் வகுத்தால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.04 கிராம்.

நான் நினைத்திருந்த போர்வை 80-க்கு 100. அதாவது 8000 சதுர சென்டிமீட்டர். அதற்கு 320 கிராம் வேண்டும். கையில் 250. அதில் பத்தில் ஒரு பங்கை ஓரத்துக்கும், கண்ணி முடிப்பதற்கும் (கடைசி வரிசை வளையங்களைப் பிரியாமல் பூட்டுவது), நூல் முனைகளுக்கும் ஒதுக்கினேன். மீதி 225 கிராம். அதை 0.04-ஆல் வகுத்தால் 5625 சதுர சென்டிமீட்டர் வருகிறது. சரியாக 75-க்கு 75. பிறந்த குழந்தையைச் சுற்றிப் பிடிக்க அது தாராளம். ஓடியாடும் குழந்தைக்குத்தான் போதாது.

அடுத்து கண்ணிக் கணக்கு. என் துண்டில் 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணி. 75 சென்டிமீட்டருக்கு ஊசியில் 165 கண்ணி ஏற்றினால் போதும். உங்கள் டிசைன் நான்கு கண்ணிக்கு ஒருமுறை திரும்பி வருவதாக இருந்தால், நான்கால் வகுபடும் அருகிலுள்ள எண்ணுக்கு மாற்றி, ஓரத்துக்கு இரண்டிரண்டு சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாமா சொன்னதையும் சோதித்துப் பார்த்தேன். 4 மி.மீ. ஊசிக்குப் பதில் 5 மி.மீ. ஊசியில் அதே நூலைப் பின்னியபோது சதுர சென்டிமீட்டருக்கு 0.034 கிராம்தான் ஆனது. அதே 225 கிராமில் 80-க்கு 82 வரை வரும். ஆனால் துணி தொளதொளவென்று இருந்தது, வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரிந்தது. சால்வைக்கு அது அழகு. குன்னூர்க் குளிருக்கு ஆகாது. நான் 4 மி.மீ. ஊசியிலேயே 75-க்கு 75 என்று முடிவு செய்தேன்.

பின்னல் வகையை மாற்றினாலும் நூல் மிச்சமாகும். எல்லா வரிசையும் நிட் (நேர்ப்பின்னல்) போட்டால் துணி தடிக்கும், நூலும் அதிகம் இழுக்கும். ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் (எதிர்ப்பின்னல்) என்றால் குறையும். ரிப் (விளிம்புக்குப் போடும் இழுபடும் வரிப் பின்னல்), கேபிள் (சடை போல முறுக்கும் பின்னல்) இரண்டும் நூலை விழுங்கும். ஒற்றைக் கொக்கி ஊசியில் போடும் குரோஷாவுக்கு இதே பரப்பில் இன்னும் அதிக நூல் ஆகும். எனவே பற்றாத நூலை வைத்துக்கொண்டு பின்னலிலிருந்து குரோஷாவுக்குத் தாவாதீர்கள்.

நான்காம் படி: அளவு தெரியாமலே பின்னக்கூடிய வடிவங்கள்

மீதி நூல் வருமா வராதா என்று தெரியாத நிலையில் எனக்குப் பிடித்த வழி இது. முதலிலேயே இவ்வளவு அகலம் என்று முடிவு செய்ய வேண்டாத வடிவத்தைத் தேர்ந்தெடுப்பது.

மூலையிலிருந்து தொடங்கும் சதுரம் அதில் சிறந்தது. மூன்று கண்ணியில் ஆரம்பித்து, ஒவ்வொரு வரிசையின் தொடக்கத்திலும் ஒரு கண்ணி கூட்டிக்கொண்டே போங்கள். ஓரத்துக்கு ஒதுக்கியது போக உள்ள நூலில் சரிபாதி தீர்ந்ததும், ஒவ்வொரு வரிசையிலும் ஒரு கண்ணி குறைத்துக்கொண்டே வாருங்கள். எவ்வளவு நூல் இருக்கிறதோ அந்த அளவுக்குச் சதுரம் வந்துவிடும்.

முக்கோணச் சால்வை என்றால் கழுத்துப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். எந்த வரிசையில் வேண்டுமானாலும் நிறுத்தலாம். ஒரே ஒரு கவனம் வேண்டும். வரிசைகளில் பாதி முடிந்தால் நூலில் பாதி தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். கால் பங்குதான் தீர்ந்திருக்கும். நூலில் பாதி தீரும்போது வரிசைகளில் நூற்றுக்கு எழுபது முடிந்திருக்கும். இதைத் தெரியாமல் கடைசி விளிம்பில் நூல் தீர்ந்துபோய், இரண்டு நாள் வேலையைப் பிரித்தவர்களை எனக்குத் தெரியும்.

கண்ணி முடிக்கும் வரிசைக்கு, துணியின் அகலத்தைப் போல நான்கு மடங்கு நீளம் ஒதுக்கி, அந்த இடத்தில் ஒரு முடிச்சு போட்டு வையுங்கள். பின்னிக்கொண்டு வரும்போது முடிச்சு கைக்கு வந்தால் நிறுத்திவிட வேண்டும்.

ஸ்வெட்டர் பின்னுபவர்களும் மேலிருந்து கீழாகப் பின்னும் முறைக்கு மாறிக்கொள்ளலாம். கைகளை முதலில் முடித்துவிட்டு உடம்பின் நீளத்தை மீதி நூல் தீர்மானிக்கட்டும். கை குட்டையாகப் போவதைவிட உடம்பு இரண்டு விரல் குறைவது கண்ணுக்கு உறுத்தாது.

ஐந்தாம் படி: வேறு நூல் சேர்ப்பது

ஒரே நிறம், வேறு சாய லாட் என்றால் இரண்டு உருண்டையையும் பக்கத்தில் வைத்து, இரண்டு வரிசைக்கு ஒருமுறை மாற்றி மாற்றிப் பின்னுங்கள். பாதியில் மாற்றினால் கோடு போட்டது போல் தெரியும். இப்படிக் கலந்துவிட்டால் யாருக்கும் தெரியாது.

வேறு நிறம் சேர்ப்பதாக இருந்தால் தயங்காமல் நன்றாக வேறுபட்ட நிறமாக எடுங்கள். ஏறக்குறைய ஒத்துப்போகும் நிறம் தவறு போலத் தெரியும். பட்டைகளைத் தொடக்கத்திலிருந்தே போடுங்கள், கடைசியில் மட்டும் வந்தால் ஒட்டுப்போட்டது போல இருக்கும்.

இழை வகையைக் கலக்காதீர்கள். அக்ரிலிக் போர்வைக்குப் பஞ்சு நூலில் கரை வைத்தால், பத்துத் துவைப்பில் பஞ்சு சுருங்கிக் கரை கொசுவிக்கொள்ளும்.

இனி கடையில் கேட்க வேண்டிய கணக்கு. நூலின் பெயரை விட்டுவிட்டு, 100 கிராமில் எத்தனை மீட்டர் என்று பாருங்கள். 4 ப்ளை என்று விற்கும் நூல் பொதுவாக 400 மீட்டரை ஒட்டி இருக்கும். அதைவிடப் பருமனான டிகே அல்லது 8 ப்ளை என்பது 200 முதல் 230 வரை. மீட்டர் ஒத்துப்போனால் மாற்றிப் பார்க்கலாம்.

தறிக்காரர்கள் வாங்கும் பஞ்சு நூலுக்கு மீட்டர் சொல்ல மாட்டார்கள், நம்பர்தான் சொல்வார்கள். ஒரு பவுண்டு எடையில் 840 கெஜம் கொண்ட சிட்டம் (நூல் கட்டு) எத்தனை என்பதே அந்த நம்பர். அதை 169-ஆல் பெருக்கினால் 100 கிராமில் எத்தனை மீட்டர் என்று வந்துவிடும். 10-ஆம் நம்பர் ஒற்றை நூல் 100 கிராமில் சுமார் 1690 மீட்டர். இரண்டு இழை முறுக்கிய 2/10 என்றால் பாதி, சுமார் 845. அதை நான்கு இழை சேர்த்துப் பிடித்தால் 211 மீட்டர், டிகே கனத்துக்கு வந்துவிடுகிறது. வீட்டு உபயோகத் துணிகள் நெய்யும் கரூர்ப் பக்கம் இந்த மாதிரி பருத்த நூல் புழங்கும்.

நம் மாவட்டத்திலேயே பரமக்குடியில் கைத்தறி இருக்கிறதே, அங்கே வாங்கலாமே என்று எனக்கும் ஆசை வந்தது. சேலைக்கு ஓடும் நூல் மிக மெல்லியது. 80-ஆம் நம்பரில் டிகே கனம் வேண்டுமானால் 64 இழை சேர்க்க வேண்டும். பின்னலுக்கு அது வழியில்லை.

பஞ்சுக்கு அக்ரிலிக் போல மீளும் தன்மை கிடையாது. அதே மீட்டர் கணக்கில் கொஞ்சம் ஒல்லியாகவும் தெரியும். எனவே ஒரு இழை கூடுதலாகச் சேர்த்து மறுபடி மாதிரித் துண்டு போடுங்கள். ரிப் பகுதிக்கு ஒரு அளவு சிறிய ஊசி எடுங்கள், இல்லையென்றால் குல்லாவின் விளிம்பு ஒரு வாரத்தில் தளர்ந்து கண்ணில் விழும். பல இழைகளைச் சேர்த்துப் பின்னும்போது ஒவ்வொரு கோனையும் தனித்தனிச் சட்டியில் வைத்தால் சிக்கு விழாது.

பழைய ஸ்வெட்டரைப் பிரித்து நூல் எடுக்கலாம். முதலில் உள்பக்கத் தையலைப் பாருங்கள். ஓரம் வெட்டி ஓவர்லாக் அடித்திருந்தால் தொடாதீர்கள், வரிசைக்கு ஒரு துண்டாக நூல் அறுந்து வரும். ஓரக் கண்ணிகள் முழுசாக இருந்து, கண்ணியோடு கண்ணி தைத்திருந்தால் பிரிக்கலாம். பிரித்ததைச் சிட்டமாகச் சுற்றி, நான்கு இடத்தில் கட்டி, நனைத்து, கீழே சிறு கனம் தொங்கவிட்டுக் காயவைத்தால் சுருள் போய்விடும்.

வலை நூலும் பனியன் துணியும்

கடற்கரையில் எந்த மழையிலும் கிடைப்பது வலை நூல்தான். போர்வைக்கும் உடுப்புக்கும் ஆகாது. ஆனால் நூல் வரும்வரை கை சும்மா இருக்க வேண்டாம் என்றால் மீன் பை, தேங்காய்ப் பை, துவைத்த துணி போடும் பை எல்லாம் அதில் அருமையாக வரும். நைலான் நூலை 210/4/3 என்ற மாதிரி குறிப்பார்கள். 210 டெனியர் இழை நான்கு சேர்ந்து ஒரு புரி, அப்படி மூன்று புரி என்று அர்த்தம். மூன்றையும் பெருக்கினால் 2520. 9000 மீட்டருக்கு அத்தனை கிராம் எடை. எனவே 100 கிராமில் சுமார் 357 மீட்டர், முறுக்கினால் அதில் கொஞ்சம் குறையும். வழவழப்பான நூல் என்பதால் முடிச்சு நழுவும். முனையைச் சுடரில் லேசாகக் காட்டி உருக்கிவிடுங்கள். நீண்ட நேரம் பின்னினால் விரலை அறுக்கும், சுட்டுவிரலில் பருத்தித் துணி சுற்றிக்கொள்ளுங்கள்.

வெட்டிப் போடும் துண்டுகளைக் கரையில் விடாதீர்கள். நமக்கு எதிரே இருப்பது மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்கா. கடல் பசுவும் ஆமையும் மேயும் தண்ணீர் அது. ஒரு டப்பாவில் சேர்த்துக் குப்பை வண்டியில் கொடுத்துவிடுங்கள்.

ஒர்க்‌ஷாப்புக்குத் துடைக்க வாங்கும் பனியன் வேஸ்ட் துணியும் நல்ல சரக்கு. இரண்டரை மூன்று சென்டிமீட்டர் அகலத்தில் வெட்டி இழுத்தால் தானாகச் சுருண்டு கயிறு போல ஆகும். 10 மி.மீ. குரோஷா ஊசியில் கால்மிதி பின்னலாம்.

ஆறாம் படி: ஊசி இல்லையென்றால்

நூல் வந்து ஊசி வராத நாளும் உண்டு. முதலில் எண் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். நம் கடைகளில் ஊசிக்குப் பழைய பிரிட்டிஷ் எண்தான், எண் கூடினால் ஊசி மெலியும். 14 எண் 2 மி.மீ., 10 எண் 3.25, 8 எண் 4, 6 எண் 5. அமெரிக்க எண் இதற்கு நேர் எதிர். அங்கே 6 என்றால் 4 மி.மீ., 8 என்றால் 5. அமெரிக்க டிசைனில் 8 என்று பார்த்து நம் 8 ஊசியை எடுத்தால் துணி இறுகி, அளவு முழுக்கக் குறைந்துவிடும். மில்லிமீட்டரை மட்டும் நம்புங்கள்.

சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி பெரும்பாலும் 2 மி.மீ. இருக்கும், நம் 14 எண்ணுக்குச் சமம். முனையை அரத்தால் ராவி, உப்புத்தாளில் நன்றாகத் தேய்த்தால் மெல்லிய நூலில் காலுறை பின்னலாம். பருமனான ஊசிக்கு மூங்கில் சீவி உப்புத்தாள் போடுங்கள். கேபிள் போடும்போது கண்ணியைத் தாங்கத் தென்னை ஈர்க்கே போதும். கண்ணிகளைப் பத்திரமாக நிறுத்தி வைக்கத் தூண்டிலுக்குக் கட்டும் தங்கூஸ் நரம்பைவிட நல்லது எதுவும் இல்லை. பத்து வரிசைக்கு ஒருமுறை எல்லாக் கண்ணி வழியாகவும் ஒரு தங்கூஸைக் கோத்து விட்டுவிடுங்கள். பிரிக்க வேண்டி வந்தால் அங்கே வந்து நிற்கும்.

இரும்பு ஊசி நம் காற்றில் ஒரே மாதத்தில் துருப்பிடிக்கும். துருக் கறை வெள்ளை நூலில் ஏறினால் போகாது. பின்னி முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, மூடி இறுகிய டப்பாவில் போடுங்கள். பாதி வேலையை இரும்பு ஊசியோடு நாட்கணக்கில் விட்டு வைக்காதீர்கள்.

ஏழாம் படி: சொல்லிவிடுங்கள், துவையுங்கள், அனுப்புங்கள்

ஆர்டருக்குப் பின்னுபவராக இருந்தால், அளவோ நிறமோ மாறுகிறது என்று தெரிந்த அன்றைக்கே சொல்லிவிடுங்கள். மாதிரித் துண்டைப் போட்டோ எடுத்து அனுப்பி, சம்மதம் வாங்கிய பிறகு கண்ணி ஏற்றுங்கள். அளவு குறைந்தால் விலையையும் குறையுங்கள்.

துவைக்க போர் தண்ணீர் வேண்டாம். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பஞ்சு நூல் விறைத்துப்போகும். காவிரிக் குடிநீரோ மழைத் தண்ணீரோ எடுத்து வையுங்கள். பிழியாமல், துண்டில் சுருட்டி அமுக்கி, நிழலில் படுக்கவைத்துக் காயப்போடுங்கள். கொடியில் தொங்கவிட்டால் தன் கனத்திலேயே நீண்டுவிடும். அக்ரிலிக் மேல் சூடான இஸ்திரிப் பெட்டி படவே கூடாது, நூல் உருகி உயிர் போய்விடும்.

என் போர்வை 75-க்கு 74-ல் முடிந்தது. 22 கிராம் நூல் மீதி. அதில் ஒரு ஜோடிக் குட்டிக் காலுறை வந்தது, போர்வையோடு அதையும் வைத்தேன். மழை விடாத வாரம் என்பதால் முதலில் பிளாஸ்டிக் கவரில் போட்டு வாயை ஒட்டி, அதற்கு மேல் துணிப் பையில் தைத்து, ராமநாதபுரம் போய்ப் பார்சல் போட்டேன். குழந்தை பிறப்பதற்கு நான்கு நாள் முன்னால் குன்னூர் போய்ச் சேர்ந்தது.